ஆங்கிலத்தில் தொடர்குடியைச் சுட்டும் சொற்கள்: பொருள்மாற்றமும் தமிழாக்கச் சிக்கலும்

முன்னுரை

குடித்து மயங்கிய நிலையைச் சுட்டும் சொற்கள் ஆங்கிலத்தில் மிகப் பல. பெஞ்சமின் பிராங்கிளின் 1737 சனவரியில் தம் ‘பென்சில்வேனியா கெசட்’ இதழில் வெளியிட்ட ‘குடிகாரர் அகராதி’ அத்தகைய தொடர்களை இருநூறுக்கும் மேலாகத் தொகுத்தது. இவற்றினின்று வேறுபட்ட ஒரு சொல்வகையும் அம்மொழியில் உண்டு. அது குடித்தவரின் நிலையைச் சுட்டாது, தொடக்கமும் முடிவும் உடைய ஒரு குடிப்பொழுதைத் தனி நிகழ்வாகப் பெயரிட்டுச் சுட்டுவது. ‘பின்ஜ்’, ‘பெண்டர்’, ‘ஸ்பிரீ’, ‘ஜாக்’, ‘பவுட்’ என்பன அவ்வகையின. இச்சொற்களின் அடிப்படைப் பொருள் கால நீட்சியே என்பதையும், அவற்றுள் ‘பின்ஜ்’ என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அளவுப் பொருளுக்கு மாறியதையும், அம்மாற்றம் தமிழாக்கத்தில் விளைவிக்கும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்களின் தோற்றம்

‘பின்ஜ்’ என்பது இங்கிலாந்தின் வட்டார வழக்கிலிருந்து பொதுவழக்கிற்கு வந்த சொல். மரப்பாத்திரத்தை நீரில் ஊறவைத்தல் என்பது அதன் முதற்பொருள். ஊறிய மரம் பருத்து இடுக்குகள் அடைபடும். பின்னர்ப் பாத்திரம் ஒழுகாது. ஆன் எலிசபெத் பேக்கர் 1854இல் வெளியிட்ட நார்தாம்டன்சயர் வட்டாரச் சொல்லகராதி, இச்சொல் மதுக்கடைக்குச் சென்று நிரம்பக் குடிப்பதற்கும் ஆளப்பட்டதைப் பதிவு செய்கிறது. குடிப்பவன் இங்கு ஊறும் பாத்திரமாகக் கருதப்படுகிறான். ஊறுதல் ஒரு நொடியில் நிகழ்வதன்று. அதற்குப் பொழுது வேண்டும்.

‘ஜாக்’ என்பது வைக்கோல், விறகு போன்றவற்றின் சிறு சுமையைக் குறித்தது. சுமக்குமளவு குடித்தல் என்னும் பொருள் பின்னர் ஏற்பட்டு, அதன்வழி ஒரு குடிப்பொழுதையும் குறித்தது. ‘பவுட்’ என்பதன் மூலப்பொருள் வளைவு. வளைவு ஒரு சுற்றாகி, மற்போரின் ஒரு சுற்றையும், நோயின் ஒரு தாக்குதலையும், குடியின் ஒரு பொழுதையும் குறிக்கலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க வழக்கில் இப்பொருள் பெற்ற ‘பெண்டர்’ என்பதும் வளைத்தல் என்னும் வினையடியாகப் பிறந்ததே. ‘கரௌஸ்’ என்னும் வினை, கலத்தை முற்றும் வெறுமையாக்குதல் என்னும் பொருளுடைய ‘கார் ஔஸ்’ என்ற ஜெர்மானியத் தொடரிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தது.

‘ஸ்பிரீ’ என்பதன் மூலம் ஐயத்திற்குரியது. கவர்ந்து வந்த கால்நடையைக் குறிக்கும் ‘ஸ்பிரீத்’ என்னும் ஸ்காட்லாந்துச் சொல்லோடு அதனை இயைப்போர் உளர்.

தொடரமைப்பு

இப்பெயர்களுட் பல, ‘மேல்’ என்னும் பொருளுடைய ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல்லை ஏற்று, செல்லுதல் என்னும் வினையோடு முடிகின்றன. பயணம் புறப்படுதலைக் குறிக்கும் தொடர்களுக்கும் இதுவே அமைப்பு. எனவே ‘பெண்டர்’ மேற்கொண்டவர் வீட்டையும் தொழிலையும் விட்டு நீங்கியவராகவும் மீண்டு வரவேண்டியவராகவும் உணர்த்தப்படுகிறார். குடியைக் கைவிட்டவரை நீர்வண்டியின் மேல் ஏறியவர் என்றும், மீண்டும் குடித்தவரை அவ்வண்டியிலிருந்து விழுந்தவர் என்றும் அமெரிக்க வழக்குக் கூறுவதும் இவ்வமைப்பை ஒட்டியதே. சார்லஸ் ஜாக்சனின் 1944ஆம் ஆண்டுப் புதினமும், அதனைத் தழுவிப் பில்லி வைல்டர் 1945இல் இயக்கிய திரைப்படமும் ‘தி லாஸ்ட் வீக்கெண்ட்’ எனத் தலைப்புப் பெற்றன. இழந்தது காலம் என்பதையே அத்தலைப்பும் சொல்கிறது.

காலத்திலிருந்து அளவுக்கு

மருத்துவத் துறை இக்காலப் பொருளைத் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டது. ஜெல்லினெக் தம் 1960ஆம் ஆண்டு நூலில் குடிநோயை ஐந்தாக வகுத்து, இடைவிட்டு நிகழும் பெருங்குடியை ‘எப்சிலான்’ வகை என்றார். உலக நலவாழ்வு அமைப்பின் 1994ஆம் ஆண்டுக் கலைச்சொல் தொகுதியும், குடிப்பதற்கென்றே ஒதுக்கிய நீண்ட பொழுதில் நிகழும் பெருங்குடி என்றே ‘பின்ஜ்’ குடியை விளக்கியது.

அதே 1994இல் ஹென்றி வெக்ஸ்லரும் குழுவினரும் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடை நிகழ்த்திய ஆய்வு வேறோர் அளவுகோலைப் பரப்பியது. ஒரே தொடர்ச்சியில் ஆடவர் ஐந்து, மகளிர் நான்கு குவளை குடிப்பது அங்கு ‘பின்ஜ்’ எனப்பட்டது. அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம் 2004இல் இதனை இறுக்கி, குருதியில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் அளவை எட்டச் செய்யும் குடி என வரையறுத்தது. மேற்சொன்ன குவளைகளை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குடித்தால் அவ்வளவு எய்தும். அமெரிக்கக் குவளை ஒன்றில் தூய ஆல்கஹால் 14 கிராம். ஆகவே வரம்பு ஆடவருக்கு 70, மகளிருக்கு 56 கிராம். பிரிட்டனில் அலகு ஒன்று 8 கிராம். அங்கு ஆடவர் 8 அலகுக்கு மேலும் மகளிர் 6 அலகுக்கு மேலும் ஒரே அமர்வில் குடிப்பது இச்சொல்லாற் சுட்டப்படுகிறது.

இம்மாற்றத்திற்கு எதிர்ப்பும் எழுந்தது. மது ஆய்வுக்குரிய ஓர் அமெரிக்க ஆய்விதழ், வழக்கமான கடமைகளைக் கைவிட்டு இரண்டு நாளோ அதற்கு மேலோ மீண்டும் மீண்டும் போதையேறக் குடிப்பதற்கே இச்சொல்லை ஆளவேண்டும் எனக் கட்டுரையாளர்களுக்கு விதித்தது. உலக நலவாழ்வு அமைப்போ தன் கணக்கெடுப்புகளில் இச்சொல்லைத் தவிர்த்து, ஒரு பொழுதில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பதை ‘நிகழ்வுசார் பெருங்குடி’ எனப் பொருள்படும் தொடரால் குறிக்கிறது. பொதுவழக்கில் இச்சொல் உணவுக்கும் காட்சிக்கும் விரிந்தது. தொடர்களை இடைவிடாது பார்த்தலைக் குறிக்கும் ‘பின்ஜ்-வாட்ச்’ 2015இல் காலின்ஸ் அகராதியின் ஆண்டுச்சொல் ஆயிற்று.

தமிழாக்கச் சிக்கல்

‘மிதமிஞ்சிய குடி’, ‘அளவுகடந்த குடி’ என்னும் பெயர்ப்புகள் அளவை மட்டுமே உணர்த்துகின்றன. நிகழ்வு என்னும் கூறு மறைகிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரையும் அவை தழுவும். ‘மொடாக்குடி’ என்னும் வழக்கு குடிப்பவரின் இயல்பைச் சுட்டுவது. ஒரு பொழுதைச் சுட்டுவதன்று.

குடிநிகழ்வைப் பெயரிட்டுச் சுட்டும் சொல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சியின் துறைகளுள் ஒன்றாக ‘உண்டாட்டு’ என்பதைக் கூறுகிறது. கவர்ந்த ஆநிரையைப் பகுத்துக்கொண்ட மறவர் கள்ளுண்டு மகிழ்தலே அத்துறை. ‘ஸ்பிரீ’ பற்றிய கருத்து உண்மையாயின், கால்நடை கவர்தலும் குடிக்கொண்டாட்டமும் இரு சமூகங்களில் ஒருங்கே இயைந்தன எனலாம். இது வாழ்வியல் ஒப்புமையேயன்றிச் சொற்பிறப்பு உறவன்று. ஆயினும் உண்டாட்டு வெற்றியைக் கொண்டாடும் கூட்டு மகிழ்ச்சி. தனியறையில் நான்கு நாள் குடித்துக் கிடப்பவனின் நிலையை அது தாங்காது.

இவ்வேறுபாடு சொல்நயம் பற்றியது மட்டுமன்று. சில மணி நேரத்தில் பெருமளவு குடிப்பவருக்கு நேரும் உடனடித் தீங்கு நச்சேற்றமும் விபத்தும். பல நாள் தொடர்ந்து குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும், தாமஸ் சட்டன் 1813இல் ‘டெலிரியம் டிரெமென்ஸ்’ எனப் பெயரிட்ட நடுக்கச் சித்தக்குழப்பமும் உண்டாகலாம். அதற்கு மருத்துவர் கண்காணிப்புத் தேவை. இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்த்தால், திருமண மாலையில் ஐந்து குவளை குடித்தவர் அவ்வெச்சரிக்கை தமக்கன்று எனக் கருதுவார்; நான்கு நாள் குடித்தவரின் குடும்பத்தார் நிறுத்தினாற்போதும் எனக் கருதுவர்.

முடிவுரை

எனவே, பல நாள் நீளும் நிகழ்வைத் ‘தொடர்குடி’ என்றும், சில மணி நேர அளவை ‘ஓரமர்வுப் பெருங்குடி’ என்றும் பிரித்தாளுதல் தகும். ‘பெண்டர்’ என்பதற்கு முன்னதே பொருந்தும். ‘பின்ஜ்’ என்பதற்கு, மூலநூல் எழுந்த காலமும் துறையும் நோக்கி இரண்டில் ஒன்றைத் தெரிதல் வேண்டும்: 1944ஆம் ஆண்டுப் புதினத்தில் தொடர்குடி, 2004ஆம் ஆண்டு அறிக்கையில் ஓரமர்வுப் பெருங்குடி. இருமொழி அகராதிகள் இவ்விரு பொருளையும் எண்ணிட்டுத் தனித்தனியே தருமாயின், மொழிபெயர்ப்பாளரும் அவர்வழி நோயாளரும் பயன்பெறுவர்.