ஒரு ராத்திரி ராஜா–ராணி! நட்சத்திர ஓட்டலுக்குப் போகும் ஜோடிகளே, பில்லை முதலில் பாருங்கள்!

சென்னை,

"கல்யாண நாளும் அதுவுமா எங்கேயாவது போலாம்ங்க" என்று மனைவி வாய் திறந்தால், முன்பெல்லாம் கணவன்மார் ஊட்டி, கொடைக்கானல் என்று கணக்குப் போடுவார்கள். லீவு கிடைக்க வேண்டும். ரெயில் டிக்கெட் கிடைக்க வேண்டும். கடையை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். கடைசியில் மெரினாவில் சுண்டலோடு விஷயம் முடிந்துவிடும்.

இப்போது புது வழக்கம் ஒன்று பரவி வருகிறது. உள்ளூரிலேயே ஒரு பெரிய ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவது! சனிக்கிழமை மதியம் பெட்டியோடு போனால், ஞாயிறு மதியம் வீடு. லீவும் வேண்டாம், ரெயிலும் வேண்டாம்.

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால், அவசரப்பட்டு ஓட்டலைப் பிடித்தால் ராத்திரி தேன்நிலவு, காலையில் பில்லைப் பார்த்ததும் அமாவாசை! ஒரு மாதச் சம்பளத்தில் பாதி ஒரே நாளில் பறந்துவிடும். அப்புறம் அடுத்த கல்யாண நாள் வரை அதே பேச்சுதான்.

அப்படி ஆகாமல் ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நட்சத்திரம் எதைச் சொல்லும்?

ஐந்து நட்சத்திரம் என்றால் எல்லாமே ஒசத்தி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

ஓட்டல் விண்ணப்பம் போட்டால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கமிட்டி வந்து பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறது. அது 5 வருடத்துக்குச் செல்லும். லிப்ட் இருக்கிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா, சிப்பந்திகள் பயிற்சி பெற்றவர்களா என்பதை எல்லாம் கமிட்டி பார்க்கும்.

ஆனால், திரையை விலக்கினால் கடல் தெரியுமா, பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியுமா என்று நட்சத்திரம் சொல்லாது. கீழே கல்யாண மண்டபத்தில் பாட்டுச் சத்தம் நள்ளிரவு வரை கேட்குமா என்றும் சொல்லாது. ஒரு ராத்திரி தங்கப் போகிற ஜோடிக்கு அதுதானே முக்கியம்!

நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு

இன்னொரு விஷயம். ஒரு நாள் வாடகை என்றால் 24 மணி நேரம் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான பெரிய ஓட்டல்களில் பகல் 2 மணி அல்லது 3 மணிக்குத்தான் ரூம் சாவி கொடுப்பார்கள். மறுநாள் பகல் 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். ஆக, கைக்குக் கிடைப்பது 20 முதல் 22 மணி நேரம்தான். அதில் தூக்கம் 8 மணி நேரம் போய்விடும்.

மிச்ச நேரத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்? அதை வீட்டில் உட்கார்ந்து இருவரும் பேசி முடிவு செய்துவிட்டால், ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்தது. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆசையா? பழங்காலக் கட்டிடம் பிடிக்குமா? நல்ல சாப்பாடுதான் முக்கியமா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடம் இருக்கிறது.

விவாகரத்து பிரபுவின் பெயர்!

பழமை பிடித்தவர்களுக்கு அண்ணா சாலை அருகே பின்னி ரோட்டில் இருக்கிறது கன்னிமரா. 19-ம் நூற்றாண்டில் தொடங்கிய ஓட்டல். 1886 முதல் 1890 வரை சென்னை கவர்னராக இருந்த கன்னிமரா பிரபுவின் பெயர். எழும்பூர் நூலகத்துக்கு இருப்பதும் இவர் பெயர்தான்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தப் பிரபுவின் மனைவி, கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசியின் மகள். 1890-ல் இருவருக்கும் விவாகரத்து ஆகிவிட்டது! காதல் ஜோடிகள் தேடிப் போகிற ஓட்டல், விவாகரத்து ஆனவர் பெயரில்!

சினிமாப் பிரியர்களுக்கு அண்ணா மேம்பாலம் அருகே இருக்கும் தி பார்க் ஓட்டல். எஸ்.எஸ்.வாசன் 1948-ல் 'சந்திரலேகா'வை எடுத்து வெளியிட்டாரே, அந்த ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் 2002-ல் இந்த ஓட்டல் வந்தது.

பிரமாண்டம் வேண்டும் என்றால் கிண்டி. 2012-ல் திறந்த ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 600 அறைகள். பளிங்குத் தூண்களைப் பார்த்தாலே சோழ ராஜா அரண்மனைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆனால், இவ்வளவு பெரிய இடத்தில் மாநாடும் விசேஷமும் நடக்கும். ஜனக் கூட்டம் ஆகாதவர்கள் யோசித்துப் போக வேண்டும்.

கடல் காற்றுக்கு எம்.ஆர்.சி. நகரில் 2013-ல் வந்த லீலா பேலஸ். இங்கே எல்லா அறையிலிருந்தும் கடல் தெரியாது. 'கடல் பார்த்த ரூம்' என்று கேட்டு வாங்க வேண்டும். வாடகையும் கூடும்.

சாப்பாட்டுப் பிரியர்கள் நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலை விரும்புவார்கள். 1974-ல் திறந்த ஓட்டல். ஊருக்குச் சற்று வெளியே போனாலும் பரவாயில்லை என்பவர்களுக்குக் கோவளத்தில் பிஷர்மேன்ஸ் கோவ்.

பழைய நினைவில் ஆழ்வார்பேட்டை பார்க் ஷெரட்டனைத் தேடிப் போக வேண்டாம். கிரவுன் பிளாசா என்று பெயர் மாறியிருந்த அந்த ஓட்டல் 2023 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது.

100 ரூபாய் கூடினால் 1,093 ரூபாய்!

இப்போது பண விஷயம். இதைக் கடைக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் 18 சதவீதம்!

7,500 ரூபாய் ரூமுக்கு வரியோடு 7,875 ரூபாய். 7,600 ரூபாய் ரூமுக்கு வரியோடு 8,968 ரூபாய். வாடகையில் வித்தியாசம் 100 ரூபாய். பில்லில் வித்தியாசம் 1,093 ரூபாய்! 'இன்னும் நூறு ரூபாதானே, பெரிய ரூமா கொடுங்க' என்று சொல்வதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். வெளியே சாதாரண ஓட்டலில் சாப்பிட்டால் வரி 5 சதவீதம். முந்தைய நிதி ஆண்டில் 7,500 ரூபாய்க்கு மேல் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தாலே போதும், அந்த ஓட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் சாப்பாட்டுக்கு 18 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறை 10 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரியோடு 11,800. ராத்திரி இருவர் சாப்பாடு 4 ஆயிரம். வரியோடு 4,720. காலை டிபன் வாடகையில் சேராமல் ஆளுக்கு 1,200 என்றால், வரியோடு 2,832. மொத்தம் 19,352 ரூபாய்! '10 ஆயிரத்தில் முடிச்சுடலாம்' என்று போனவர் கதி என்ன?

இதற்கு வழி இருக்கிறது. காலை டிபன் சேர்ந்த வாடகையா என்று முதலிலேயே கேட்டு வாங்கலாம். ராத்திரி சாப்பாட்டை வெளியே முடித்துக்கொண்டு போகலாம். ரூமில் உள்ள குட்டி பிரிட்ஜைத் திறக்காமலே இருக்கலாம். அதில் இருக்கும் பாதாம் பருப்புக்கும் பில் உண்டு.

'சர்வீஸ் சார்ஜ்' என்று பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அப்படிக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவு போட்டது. டெல்லி ஐகோர்ட்டும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மனசார டிப்ஸ் கொடுப்பது வேறு, பில்லிலேயே பிடுங்குவது வேறு.

முகூர்த்த நாளா? உஷார்!

பெரிய ஓட்டல் வாடகை விமான டிக்கெட் மாதிரி. நாளுக்கு நாள் மாறும்.

கம்பெனி ஆட்கள் வந்து தங்கும் நகரத்து ஓட்டல்களில் திங்கள் முதல் வியாழன் வரை கூட்டம். சனி, ஞாயிறு வாடகை பல சமயம் இறங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தலைகீழ். அங்கே சனி, ஞாயிறுதான் கிராக்கி. வாரத்தின் நடுவில் போனால் லாபம்.

புக் செய்வதற்கு முன் காலண்டரில் முகூர்த்த நாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. முகூர்த்த நாளில் லிப்ட் முழுக்கக் கல்யாண வீட்டுக்காரர்கள்தான். காலை டிபனுக்கு வரிசை. உங்கள் கல்யாண நாளை அடுத்தவர் கல்யாணத்தில் கொண்டாடிய மாதிரி ஆகிவிடும்!

மார்கழியில் முகூர்த்தம் இல்லை. ஆனால், கச்சேரி சீசனுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அறைகளைப் பிடித்துவிடுவார்கள். டிசம்பர் 31-ந் தேதி விருந்துக் காசையும் சேர்த்தே வாங்கும் ஓட்டல்கள் உண்டு.

அமைதியான மாதம் ஆடிதான். புது மாப்பிள்ளைகளுக்கு ஆடி ஆகாது. பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். கல்யாணமாகி 10 வருடம், 20 வருடம் ஆனவர்களுக்கு என்ன தடை? தாராளமாகப் போகலாம்!

சர்ட்டிபிகேட் கேட்டால்?

ரிசப்ஷனில் இருவருடைய அடையாள அட்டையையும் கேட்பார்கள். அது வழக்கம். ஆதார் நகல் கொடுப்பவர்கள், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற 'மறைக்கப்பட்ட ஆதார்' நகலைக் கொடுக்கலாம்.

சில சின்ன லாட்ஜுகளில் 'உள்ளூர் அட்ரஸா? ரூம் இல்லை' என்பார்கள். 'கல்யாண சர்ட்டிபிகேட் எங்கே?' என்றும் கேட்பார்கள். கழுத்தில் தாலியோடு நிற்கிற பெண்ணுக்கு இதைவிட அவமானம் உண்டா?

சட்டம் என்ன சொல்கிறது? கோவையில் ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கல்யாணமாகாத இரண்டு வயது வந்தவர்கள் ஓட்டல் அறையில் தங்குவது குற்றம் ஆகாது, அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை என்றது கோர்ட்டு. கல்யாணமானவர்கள் ஏன் பயப்பட வேண்டும்? ஆனாலும் சில ஓட்டல்கள் சொந்த விதி வைத்திருக்கும். பெட்டியோடு வாசலில் நிற்பதைவிட, முன்னதாகப் போனில் கேட்டுவிடுவது மேல்.

வேட்டிக்காரருக்கு என்ன பயம்?

'அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் நாம போனா ஒரு மாதிரி பாப்பாங்க' என்று தயங்குகிற பெண்கள் உண்டு. வேட்டி கட்டிய கணவர்களும் உண்டு.

2014-ல் சென்னை கிளப் ஒன்றில் வேட்டி கட்டிச் சென்ற ஐகோர்ட்டு நீதிபதியையே உள்ளே விடவில்லை. பெரிய ரகளை ஆனது. வேட்டி கட்டியதற்காக ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று தமிழக அரசு அதே ஆண்டு சட்டம் கொண்டுவந்தது.

வாசலில் பெட்டியைச் சோதிக்கிறார்களே என்று கூச்சப்படவும் வேண்டாம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பெரிய ஓட்டல்களில் காரில் வந்தாலும் சோதனை, ஆட்டோவில் வந்தாலும் சோதனை.

உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் நேரில் போய் காபி சாப்பிடலாம். 'அடுத்த மாதம் தங்கணும், ஒரு ரூமைக் காட்டுங்க' என்று கேட்கலாம். அறை காலியாக இருந்தால் காட்டுவார்கள். காட்டுகிற விதத்திலேயே அந்த ஓட்டலின் குணம் தெரிந்துவிடும்.

போனில் கேட்க 7 கேள்விகள்

பணம் கட்டுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்வது நல்லது.

1. வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

2. காலை டிபன் இருவருக்கும் சேர்ந்ததா?

3. சாவி எத்தனை மணிக்கு? காலி செய்வது எத்தனை மணிக்கு?

4. கட்டில் ஒன்றா, இரண்டா? ('ட்வின்' என்று எழுதியிருந்தால் தனித்தனிக் கட்டில். கல்யாண நாளில் ஆளுக்கு ஒரு மூலையில் படுக்க வேண்டியதுதான்!)

5. அன்றைக்கு ஓட்டலில் கல்யாணம், பார்ட்டி ஏதாவது உண்டா? லிப்டுக்குத் தள்ளி ரூம் கிடைக்குமா?

6. போக முடியாவிட்டால் பணம் திரும்ப வருமா? (வாடகை ரொம்பக் குறைவாக இருந்தால் அநேகமாக வராது.)

7. உள்ளே நுழையும்போது டெபாசிட் எவ்வளவு? (கார்டில் பிடித்து வைக்கும் பணம் திரும்ப வரச் சில நாள் ஆகலாம். மாசக் கடைசியில் கையைக் கடிக்கும்.)

சொன்னது ஒன்று, பில் போட்டது ஒன்று என்றால் சும்மா இருக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 'இன்னைக்கு நம்ம கல்யாண நாள்' என்று புக் செய்யும்போதே ஓட்டல்காரர்களிடம் சொல்லி வைப்பது நல்லது. அறை காலியாக இருந்தால் மேல் மாடியில் நல்ல ரூமாகப் போட்டுக் கொடுப்பதும், சின்னதாக ஒரு கேக் அனுப்பி வைப்பதும் பல ஓட்டல்களில் வழக்கம். அதற்குத் தனியாகக் காசு கிடையாதே என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

பட்ஜெட் போட்டு, அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால், ஓட்டலுக்குள் நுழைந்த பிறகு காசைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கடையையும் ஆபீசையும் பற்றியும்தான்! அந்த 20 மணி நேரத்துக்கு அதுதான் பெரிய சொகுசு.