குண்டடத்திலிருந்து கிளம்பும் பார்சல்

தாராபுரம், குண்டடம், மூலனூர் பக்கம் விடிந்தும் விடியாமலும் இருக்கும் நேரத்தில் பனியன் கம்பெனி வண்டிகள் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றும். தாராபுரத்திலிருந்து திருப்பூருக்கு ஐம்பது கிலோமீட்டர். மூலனூர்க்காரர்களுக்கு அதற்கும் மேல். தூக்குப்போசியில் சோற்றைக் கட்டிக்கொண்டு ஏறும் பெண்கள் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். மழையை நம்பிய இந்த வறண்ட பூமிக்குச் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த வண்டிதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் கைக்குழந்தையை வைத்திருப்பவருக்கும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கும், முதுகுவலியால் பவர் டேபிளில் நாள் முழுக்க உட்கார முடியாதவருக்கும் அந்த வண்டியில் ஏற வழியில்லை. தைக்கத் தெரிந்த எத்தனையோ கைகள் வீட்டில் சும்மா இருந்தன.

இப்போது அந்த ஊர்களிலிருந்தே சரக்கு கிளம்பத் தொடங்கியிருக்கிறது. முன்னறையில் ஒரு ஓவர்லாக், இரண்டு தையல் மெஷின். திருப்பூர் காதர்பேட்டையிலோ தெரிந்த கம்பெனியிலோ கிலோக் கணக்கில் எடுத்துவந்த துணி. நைட்டி, உள்பாவாடை, லெக்கின்ஸ், குழந்தைகளுக்கான செட். தைத்து, பிசிர் வெட்டி, அயர்ன் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால், ராத்திரிக்குள் மதுரையிலிருந்தோ வேலூரிலிருந்தோ ஒருவர் கேட்கிறார்: "சிஸ், எக்ஸ்எல் இருக்கா?" ஜிபே ஸ்கிரீன்ஷாட் வருகிறது, முகவரி வருகிறது, மறுநாள் பார்சல் கூரியருக்குப் போகிறது.

இதன் மதிப்பு புரிய வேண்டுமானால் திருப்பூரின் சொந்தக் கதையைத்தான் பார்க்க வேண்டும். 1920களிலேயே இங்கே பின்னல் மெஷின்கள் வந்துவிட்டன. ஆனாலும் வெகுகாலம் உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் போடும் ஊராகவே திருப்பூர் இருந்தது. வெளிநாட்டுக்குப் போன கொஞ்சநஞ்சச் சரக்கும் பம்பாய் வியாபாரிகள் கைவழியாகத்தான் போனது. 1978 வாக்கில் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் நேரடியாகத் திருப்பூருக்கே சரக்குத் தேடி வந்ததை இந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். வாங்குகிறவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசிய பிறகுதான், தான் போடும் துணிக்கு உலகத்தில் என்ன விலை என்று திருப்பூருக்குத் தெரிந்தது. 1985இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25இல் 40,000 கோடியை ஒட்டி வந்து நின்றது. நிட்டிங் ஒருவர், டையிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர் என்று ஜாப் ஒர்க்காகப் பிரித்துச் செய்யும் முறை இருந்ததால் நாலு மெஷின் வைத்திருந்தவரும் அந்த வளர்ச்சியில் ஏறிக்கொள்ள முடிந்தது.

அன்று பம்பாய்க்குத் திருப்பூர் இருந்த நிலையில்தான் இன்று திருப்பூருக்குக் குண்டடமும் மூலனூரும் இருக்கின்றன. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்குத் தான் தைத்த நைட்டி கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று தெரியவேண்டிய தேவையே இருந்ததில்லை. போனில் நேராக விற்கத் தொடங்கிய பெண்ணுக்கு அது தெரிந்துவிடுகிறது. துணி எவ்வளவு, நூல் எவ்வளவு, கவர் எவ்வளவு, கூரியர் எவ்வளவு, தன் உழைப்புக்கு மிச்சம் எவ்வளவு என்று அவரே கணக்குப் போடுகிறார். கணவருக்குச் சொல்லத் தெரியாத கணக்கை அவர் சொல்லுகிறார். இணைய வணிகம் கிராமத்துக்குத் தரும் முதல் பலம் இந்த விலையறிவு என்றே நான் நினைக்கிறேன். பணம் அதற்குப் பிறகுதான் வருகிறது, சில சமயம் வராமலும் போகிறது.

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை இந்த வழியில் வெகுதூரம் முன்னே போய்விட்டது. சேலை நெய்யும் ஊர் அது. கடைக்காரர்கள் யூடியூபில் சேலையை விரித்துக் காட்டி, 'சிங்கிள் பீஸும் கொடுக்கிறோம், ரீசெல்லர்கள் வரலாம்' என்று நம்பரைப் போட, தமிழ்நாடு முழுக்க வீட்டிலிருக்கும் பெண்கள் அந்தச் சேலைகளைத் தங்கள் குரூப்பில் போட்டு விற்கிறார்கள். முதல் போடாமல், சரக்கைக் கண்ணால்கூடப் பார்க்காமல், ஒரு சேலைக்குக் கொஞ்சம் வைத்து விற்கும் இந்த ரீசெல்லிங் முறையில்தான் பெங்களூருவில் 2015இல் தொடங்கிய மீஷோ என்ற இணைய விற்பனைத் தளம் வளர்ந்தது. விற்பவர்களிடம் கமிஷன் இல்லை என்று 2021இல் அது அறிவித்த பிறகு, விலை குறைந்த பனியன் துணி போடும் சிறு யூனிட்டுகளுக்கு அந்த வாசல் அகலமாகத் திறந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஏற்றுமதி ஆர்டர்கள் தடுமாறியபோது, உள்நாட்டுக்கு விற்கத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய தெம்பு என்பதும் புரிந்தது.

இந்த வியாபாரத்தில் தொந்தரவு எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டுமானால், திரும்பி வந்த ஒரு பார்சலைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோவை ஓடவிட்டு, மறு கையால் கத்தரியை எடுப்பார்கள். முதலில் லேபிளில் உள்ள நம்பர் கேமராவுக்குத் தெரிய வேண்டும். பிறகு கவரை வெட்ட வேண்டும். உள்ளே தாங்கள் அனுப்பிய துணியே இருக்கலாம். ஒருமுறை உடுத்தி, மஞ்சள் கறையோடு வந்திருக்கலாம். வேறு யாருடையதோ பழைய துணியும் இருக்கலாம். வீடியோ நடுவில் நின்றுவிட்டால் தளத்திடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது. வாட்ஸ்அப்பில் விற்பவர்கள் 'பார்சல் ஓப்பனிங் வீடியோ கட்டாயம்' என்று வாங்குகிறவர்களுக்கே நிபந்தனை போடுவதும் இதனால்தான். வாசலில் பணம் கொடுத்து வாங்கும் முறையில் மனம் மாறினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தத் துணி மறுபடி வீடு வந்து சேரும்வரை பத்து நாளோ பதினைந்து நாளோ முதல் முடங்கிக் கிடக்கும். ரிட்டர்ன் செலவு யார் தலையில் என்பது தளத்துக்குத் தளம் மாறும். ஆயிரம் பார்சல் போடும் கம்பெனிக்கு இது செலவுக் கணக்கில் ஒரு வரி. முப்பது பார்சல் போடும் பெண்ணுக்கு அந்த மாத லாபம் முழுக்க இதிலேயே போய்விடலாம்.

சீனாவின் அனுபவம் இந்த இடத்தில் உதவும். ஜியாங்சூ மாகாணத்தின் டோங்ஃபெங் கிராமத்தில் 2006இல் ஓர் இளைஞர் அலிபாபா நிறுவனத்தின் தாவோபாவோ தளத்தில் மரச்சாமான் விற்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் செய்தார்கள். தச்சுப் பட்டறைகளும் கூரியர் ஆட்களும் பின்னாலேயே வந்தார்கள். 2009இல் மூன்றே மூன்றாக இருந்த 'தாவோபாவோ கிராமங்கள்' 2020இல் 5,425 ஆயின. இதைக் காட்டித்தான் எல்லா மேடைகளிலும் பேசுவார்கள். ஆனால் அலிபாபாவின் கிராமத் திட்டத்தை மூன்று மாகாணங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் நேரில் சோதித்தபோது கிடைத்த முடிவு அடக்கமானது. கிராமத்தில் இணைய வணிக மையம் வந்ததால் பயன் கண்டவர்கள் பெரும்பாலும் வாங்குகிறவர்கள். அவர்களிலும் இளையவர்களும் ஓரளவு வசதியுள்ளவர்களும்தான் அதிகம். விற்பவர்களின் வருமானம் குறிப்பிடும்படி கூடியதாகத் தெரியவில்லை. கிராமத்துக்குள் சரக்கு வருவது சுலபம். கிராமத்திலிருந்து சரக்கு வெளியே போக, கூட ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. டோங்ஃபெங்கில் அதை அக்கம்பக்கத்தார் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டார்கள்.

நம் ஊரில் அந்த 'ஏதோ ஒன்று' எங்கே முட்டி நிற்கிறது? முதலில் சட்டத்தில். ஆன்லைன் தளத்தில் விற்க வேண்டுமானால் ஆண்டு விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் 40 லட்சத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அதைத் தளர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் மாநிலத்துக்குள் விற்றால்தான் இந்தச் சலுகை. உடுமலைப்பேட்டையில் நைட்டி தைக்கும் பெண் பதிவில்லாமல் சென்னைக்கு அனுப்பலாம். சின்னாறு தாண்டிக் கேரளத்து மறையூருக்கு அனுப்ப முடியாது. பதிவுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் அதன் பிறகு விடாமல் தாக்கல் செய்ய வேண்டிய ரிட்டர்னும் ஆடிட்டர் ஃபீஸும் இருக்கின்றன. கைவினைப் பொருள்களுக்கு மாநிலம் தாண்டி விற்கவும் 20 லட்சம் வரை விலக்கு இருக்கிறது. வீட்டில் இரண்டு மெஷின் போட்டுத் தைக்கிற துணிக்கும் அதைக் கொடுத்தால் அரசுக்கு என்ன குறைந்துவிடும்?

அடுத்தது கூரியர். தாராபுரம் டவுனுக்குள் பிக்கப் வருகிற வண்டி சுற்றியுள்ள கிராமங்களுக்கு வருவதில்லை. பார்சலைப் பையில் போட்டு பஸ் ஏறி டவுனுக்குப் போய்த்தான் போட வேண்டும். பல கிராமங்களில் கிளை அஞ்சலகம் இருக்கிறது, பார்சல் பதிவு செய்யக் கையடக்கக் கருவியும் வந்துவிட்டது. ஆனால் அந்த அஞ்சலகம் நாளில் நாலைந்து மணி நேரம்தான் திறந்திருக்கும், பெரும்பாலும் காலையில். வீட்டு வேலை முடித்து, தைத்து, பேக் செய்து பார்சல் தயாராவது சாயங்காலம்.

இவற்றைத் தனி ஒருத்தியால் சமாளிக்க முடியாது. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் பிறந்ததற்கும் காரணம் இதுதானே? நெசவாளி வீட்டில் நெய்யட்டும், விற்கிற பாரத்தைச் சேர்ந்து சுமப்போம் என்றார்கள். இன்று மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ஊராட்சி அளவில் கூட்டமைப்புகள் இருக்கின்றன. 'மதி' என்ற பெயரில் அவர்களின் பொருள்களை விற்கும் ஏற்பாடும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஓஎன்டிசி என்ற பொது வணிக வலைப்பின்னலை மத்திய அரசு ஐந்து நகரங்களில் சோதித்தபோது அதில் ஒன்று நம் கோயம்புத்தூர். தளங்களுக்குப் பஞ்சமில்லை. தேவைப்படுவது இவைதான்: கூட்டமைப்பின் பெயரில் ஒரே ஜிஎஸ்டி பதிவு, லேபிள் அடிக்க ஒரு பிரிண்டர், வரும் ரிட்டர்னைப் பிரித்துப் பார்த்து வாதாட ஒரு பயிற்சி பெற்ற பெண், நஷ்டத்தைப் பங்கிட ஒரு பொது நிதி, சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து எல்லாப் பார்சலையும் ஏற்றிப்போக ஒரு அஞ்சல் வண்டி. கம்பெனி வண்டிகள் தினமும் இந்தச் சாலைகளில் ஓடுவதால் பார்சல் வண்டிக்குச் சாலை ஒரு தடையே இல்லை. குண்டடம் வட்டாரத்தில் ஒரே ஒரு கூட்டமைப்பை எடுத்து, ஒரு வருடம் இதைச் செய்து பார்க்கலாம். மாவட்ட நிர்வாகமும் அஞ்சல் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் தொடங்கிவிடக்கூடிய வேலை.