பதிவேடும் பாதுகாப்பும்: பெர்லினிலிருந்து சிவகாசி வரை

‘திவான்’ என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. சமஸ்தானத்து முதலமைச்சரை அச்சொல்லால் அழைத்தோம். அரபியில் அதன் தொன்மையான பொருள்களுள் ஒன்று ‘பதிவேடு’ என்பதாகும். பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்த அச்சொல்லோடு ஒரு நிர்வாக முறையும் சேர்ந்தே வந்தது. ஹிஜ்ரி 20இல், வேறு சிலர் கூற்றுப்படி 15இல், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மக்களுக்கு உதவித்தொகை வழங்க முற்பட்டார்கள். ஷாம் நாட்டு மன்னர்கள் இதற்கெனப் பதிவேடு வைத்திருப்பதைத் தாம் கண்டதாக ஒருவர் எடுத்துரைக்க, கலீஃபா அதனை ஏற்றார்கள் என்று பலாதுரீ தம் ‘ஃபுதூஹுல் புல்தான்’ நூலில் குறிப்பிடுகிறார்.

பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்பது அப்பதிவேட்டின் தொடக்ககால விதி. ஓரிரவு இடைவிடாது அழுத ஒரு குழந்தையைக் கண்டு கலீஃபா காரணம் வினவினார்கள். உதவித்தொகைக்காகவே முன்கூட்டிப் பால் மறக்கச் செய்வதாகத் தாய் கூறினாள். மறுநாளே, பிறந்தது முதல் உதவித்தொகை உண்டு என்று விதி மாற்றப்பட்டது. இச்செய்தியை இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார். பிற நாட்டு முறையை ஏற்பது குற்றமன்று. ஏற்ற முறையின் நிபந்தனை எளியோரை வருத்தும்போது திருத்தாமல் இருப்பதே குற்றம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு நம் விருதுநகர் மாவட்டத்தைச் சற்றே நோக்குவோம்.

தொழிலாளர் காப்பீட்டின் தாயகம் ஜெர்மனி. அங்கு 1883இல் நோய்க் காப்பீடும், 1884இல் விபத்துக் காப்பீடும், 1889இல் முதுமைக் காப்பீடும் சட்டமாயின. பிரிட்டன் 1911இல் அவ்வழியே தன் தேசியக் காப்பீட்டை வகுத்தது. இந்தியாவுக்கென ஒரு திட்டத்தை வரையும் பொறுப்பு பேராசிரியர் பி.பி. அதார்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1944இல் அறிக்கை அளித்தார். அதன் அடிப்படையில் 1948இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் இ.எஸ்.ஐ. திட்டம் தொடங்கியது.

சிவகாசியின் தொழிலும் வெளியூரிலிருந்து வந்ததே. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அங்கிருந்து பட்டாசு வளர்ந்தது. தொழில் இம்மண்ணின் வறட்சிக்கும் மக்களின் கைத்திறனுக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. சட்டமோ அவ்வளவு விரைவாக மாறவில்லை.

முதலாவது இடர்ப்பாடு ‘தொழிற்சாலை’ என்ற சொல்லின் வரையறையில் இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம், இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்து, இயந்திர விசையும் பயன்படுத்தும் இடத்தையே தொழிற்சாலை என்றது. பருத்தி ஆலையையும் பொறியியல் கூடத்தையும் மனத்தில் கொண்ட வரையறை அது. பட்டாசோ பெரும்பாலும் கைத்தொழில். குழாய் உருட்டுவதும் மருந்து செலுத்துவதும் திரி வைப்பதும் கைகளே. இயந்திரம் இல்லை என்பதாலேயே அத்தகைய கூடங்கள் சட்டத்தின் நேரடி வரையறைக்குப் புறத்தே நின்றன. விசை பயன்படுத்தாத தொழிற்சாலையும் இருபது பேர் இருந்தால் அடங்கும் என்று 1989இல்தான் திருத்தம் வந்தது. 2010இல் அவ்வேறுபாடு நீங்கி, பத்துப் பேர் போதும் என்றாயிற்று.

இரண்டாவது, வேலைநாள் கணக்கு. நோய்க்கால உதவித்தொகை பெற ஆறுமாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆண்டு முழுதும் ஓடும் ஆலைக்கு இது எளிய நிபந்தனை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த வெடிகளையும் சரவெடியையும் தடை செய்தபின், ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தாக் காலத்தில் வேலையின்றி நின்றவர், அதற்குரிய ஜூலை முதல் டிசம்பர் வரையிலான பயன்காலத்தில் நோயுற்றால் அத்தொகையை எவ்வாறு பெறுவார்? வேலை இழந்ததற்காக உதவியையும் இழப்பது, பால்குடி மறந்தால்தான் உதவி என்ற விதியை நினைவூட்டவில்லையா?

மூன்றாவது, வழியிலேயே விடுபட்ட ஓர் அம்சம். ஜெர்மானிய விபத்துக் காப்பீட்டில் முழுச் செலவும் முதலாளிகளுடையது. தொழில்வாரியாக அமைந்த அவர்களது சங்கங்கள், ஆபத்தின் அளவுக்கேற்பச் சந்தாவைக் கூட்டிக் குறைத்தன. பாதுகாப்பு விதிகளையும் வகுத்தன. விபத்து குறைந்தால் செலவும் குறையும் என்பதால், உயிரைக் காப்பதில் முதலாளிக்கே ஆதாயம் இருந்தது. இ.எஸ்.ஐ. சந்தாவோ எல்லாத் தொழிலுக்கும் ஒன்றே. 2019 ஜூலையில் அது முதலாளிக்கு 3.25 விழுக்காடு, தொழிலாளிக்கு 0.75 விழுக்காடு என நிர்ணயிக்கப்பட்டது. ஜவுளிக்கடைக்கும் மருந்துக் கலவை அறைக்கும் ஒரே விகிதம்! எல்லோரும் சுமையைப் பகிர்வது நற்பண்புதான். ஆயினும் கவனமின்மைக்கு விலை இல்லாமற் போயிற்று.

இத்திட்டத்தால் பயனில்லை என்று யாரும் கருதிவிடலாகாது. பணியிட விபத்துக்கு 78 நாள் கணக்கு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காயமுற்றாலும், தற்காலிக ஊனத்துக்குக் கூலியில் 90 விழுக்காடு உண்டு. இறப்பின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உதவி உண்டு. ஆனால் உள்குத்தகைக்கு விடப்பட்ட அறையில், இடைத்தரகர் வழியே, உருப்படிக் கூலிக்கு அமர்ந்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? அவர் மாண்டால், அவர் அங்கு வேலை செய்தார் என்பதையே குடும்பத்தார் முதலில் மெய்ப்பிக்க வேண்டியதாகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் பலியாயின. அவர்களுள் பலர் தொழிலாளர் அல்லர். வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடிவந்தோரும் பார்க்க வந்தோருமான அக்கம்பக்கத்தார். கூலியோடு பிணைந்த காப்பீட்டில் அவர்களுக்கு இடமே இல்லை.

திருத்தும் முயற்சிகள் நடவாமல் இல்லை. சிவகாசி தீப்பெட்டித் தொழிற்சாலைகள் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில், ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க் குழுக் காப்பீடு கட்டாயம், அதன் சந்தா முதலாளியுடையது என 1990இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்க்கெனத் தமிழக அரசு தனி நலவாரியமும் அமைத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான தொழில் என மத்திய அரசு அறிவிக்கை செய்தால், ஒரே ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கும் இ.எஸ்.ஐ. பொருந்தும் என்று அது கூறுகிறது. பெர்லினில் எழுதப்படாத, இம்மண்ணுக்கே உரிய விதியாக அது மலரக்கூடும்.

எனினும் எந்தச் சட்டமும் பெயர் எழுதப்பட்ட இடத்திலிருந்தே செயல்படத் தொடங்குகிறது. காப்பீட்டு எண் உண்டா, சந்தா செலுத்தப்படுகிறதா என்று தொழிலாளி கேட்கத் துணிய வேண்டும். கேட்டவரை வேலையிலிருந்து நீக்காத நிலையும் வேண்டும். வெளியிலிருந்து பெற்ற பதிவேட்டில் அழும் குழந்தையின் பெயரையும் சேர்த்தபோதுதான் அன்று அது நமதாயிற்று. மருந்து அறையில் அமர்ந்திருப்பவரின் பெயர் விடுபடாத நாளில்தான் இத்திட்டமும் நமதாகும்.