ஜன்னலில் ஒரு பேட்டரி

பேட்டரிக்குள் நடப்பதை நாம் பார்ப்பதில்லை. உறை மறைத்துவிடுகிறது. அதே பேட்டரியை மெல்லிய படலங்களாகக் கண்ணாடிமேல் பூசினால், மின்னேற்றம் நிறமாகவே கண்ணுக்குத் தெரியும். ஒரு பொத்தானைத் தட்டினால் கருநீலமாகும் ஜன்னல்களில் பல, இத்தகைய திண்ம மின்கலங்கள்தான்.

இதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் எஸ்.கே.டெப். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த அவர், டங்ஸ்டன் ஆக்சைடு படலம் மின்சாரம் பட்டு நீலமாவதை 1969-ல் வெளியிட்டார்.

நிறம் எப்படி வருகிறது?

ஒளிபுகும் இரண்டு மின்கடத்திப் படலங்களுக்கு நடுவே மூன்று அடுக்குகள்: டங்ஸ்டன் ஆக்சைடு, திண்ம மின்பகுளி, நிக்கல் ஆக்சைடு. சில வோல்ட் கொடுத்தால் போதும். நிக்கல் ஆக்சைடில் இருக்கும் லித்தியம் அயனிகள் மின்பகுளியைக் கடந்து டங்ஸ்டன் ஆக்சைடுக்குள் நுழைகின்றன. எலக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியாக வந்து சேர்கின்றன. அந்த எலக்ட்ரான்கள் ஒரு டங்ஸ்டன் அணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்புக் கதிர்களையும் விழுங்குகின்றன. அதனால் படலம் நீலமாகிறது. அயனிகளை இழந்த நிக்கல் ஆக்சைடும் பழுப்பேறி, கருமையைக் கூட்டுகிறது. மின்திசையை மாற்றினால் கண்ணாடி மறுபடி தெளிந்துவிடும். மின்சாரத்தை நிறுத்தினாலும் நிறம் நெடுநேரம் நிற்கும் என்பதால் செலவாகும் மின்சாரமும் குறைவு.

திண்மம் ஏன்?

திரவ மின்பகுளி கசியலாம், குமிழி விடலாம். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டிய ஜன்னலுக்கு அது ஒத்துவராது. திண்மத்திலும் சிக்கல் உண்டு. மின்பகுளி அயனியைக் கடந்துபோக விட வேண்டும், எலக்ட்ரானைத் தடுக்க வேண்டும். படலத்தில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் அங்கே மின்கசிவு ஏற்படும். பெரிய கண்ணாடி முழுதாகக் கறுக்க நிமிடங்கள் பிடிக்கும்.

நாள்பட நாள்பட லித்தியம் டங்ஸ்டன் ஆக்சைடுக்குள்ளேயே சிக்கி, நிறமாற்றம் மங்கும். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கிரான்க்விஸ்ட் குழுவினர் 2015-ல் இதற்கு வழி காட்டினர். மாறாத மின்னோட்டம் செலுத்திச் சிக்கிய அயனிகளை வெளியே இழுத்தபோது, படலம் பழைய திறனைப் பெற்றது.

வெயிலை உள்ளே விட்டுவிட்டு ஏசி போட்டு விரட்டுவதைவிட, ஜன்னலிலேயே அதைத் தடுப்பது சிக்கனம். இந்தக் கண்ணாடி பரவாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் விலை. கார்களுக்கான திண்ம பேட்டரி ஆய்வில் காட்டும் அக்கறையை, அதே அறிவியலில் இயங்கும் இந்த ஜன்னலுக்கும் ஆய்வகங்களும் அரசுகளும் காட்ட வேண்டும்.