இடுப்பு வலிக்கு முன்னால்

டீ ஊற்றியாயிற்று. மாசமாக இருப்பவர் யாராவது இதைப் படிக்க உட்கார்ந்திருந்தால் முதலில் ஒரு கேள்வி. இரும்புச்சத்து மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாகிறது? இப்போதுதான் என்றால் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்பு, மாத்திரையின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நல்லது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளிவிடுங்கள்.

சுகப்பிரசவத்தைப் பற்றிச் சொல்ல வந்து மாத்திரைக் கதை எதற்கு என்று தோன்றலாம். குழந்தை பிறந்ததும் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்கு மேல் இருக்கிறவர் அதைத் தாங்கிக்கொள்வார். 8, 9 என்று இருக்கிறவர் அதே அளவுக்குத் தடுமாறிப்போவார். பிரசவத்துக்குத் தயாராகிற வேலையில் முக்கால்வாசி இப்படிப் பெரிதாகத் தெரியாத, தினமும் செய்யவேண்டிய வேலைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன ஆசனம் செய்தாலும், என்ன கஷாயம் குடித்தாலும், சுகப்பிரசவம் ஆகும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை அடைத்திருந்தாலோ, ஆபரேஷன்தான் இரண்டு உயிரையும் காப்பாற்றும். ஆனால் நம் ஊரில் நடக்கும் ஆபரேஷன்கள் எல்லாம் அந்த வகை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 64. இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இது 22-ஐத் தாண்டவில்லை. நம் பெண்களின் உடம்பு மட்டும் இவ்வளவு மாறிப்போயிருக்க வழியில்லை. பயம், அவசரம், நல்ல நாள் நட்சத்திரம், மருத்துவமனையின் வசதி என்று பல காரணங்கள் இருக்கின்றன. இவற்றில் நம் கைக்கு எட்டுவது பயம். அதிலிருந்தே தொடங்குவோம்.

பயம் என்ன செய்யும் என்று புரிய, வலி என்ன செய்கிறது என்று தெரியவேண்டும். கர்ப்பப்பை, பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பை மாதிரி. உள்ளே இருப்பது விழாமல் ஒன்பது மாதமும் வாய் இறுக்கிக் கட்டியிருக்கும். வலி எடுக்கும்போதெல்லாம் பையின் மேல்பாகத் தசை சுருங்கி, வாயை மேல்நோக்கி இழுக்கிறது. வாய் முதலில் மெலிகிறது, பிறகு திறக்கிறது. முழுதாகத் திறந்தால் 10 சென்டிமீட்டர். இந்த வேலையை நடத்துவது ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு. அது கூச்ச சுபாவம் உள்ளது. பாதுகாப்பாக இருக்கிறோம் என்று மனசுக்குத் தோன்றும் இடத்தில் நன்றாகச் சுரக்கும். மிரண்டுபோனால் அட்ரினலின் ஏறி, ஆக்ஸிடோசினை அமுக்கிவிடும். வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்த வலி, ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காணாமல் போவது பல நேரம் இதனால்தான்.

கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கில மருத்துவர் இதைத்தான் 1930-களில் சொன்னார். லண்டனில் ஏழைகள் வாழும் பகுதியில் பிரசவம் பார்க்கப் போனபோது, மயக்க மருந்து வேண்டாம் என்று ஒரு பெண் மறுத்து, அமைதியாகப் பெற்றெடுத்ததைக் கண்டு யோசிக்கத் தொடங்கியவர். பயந்தால் உடம்பு இறுகுகிறது, இறுகினால் வலி கூடுகிறது, வலி கூடினால் இன்னும் பயம் என்பது அவர் கண்ட சுழல். 1933-ல் இதைப் புத்தகமாகவே போட்டார். பயம் இல்லாவிட்டால் வலியே இருக்காது என்கிற மாதிரி அவர் பேசியது அதிகப்படி. தசை சுருங்கும், வாய் விரியும், வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சுழலை அறுத்தால் வலியைத் தாங்கும் சக்தி கூடும் என்பது உண்மை.

அறுப்பது எப்படி? முதல் வழி, கதைகளை வடிகட்டுவது. வளைகாப்புக்கு வந்த சொந்தங்கள், கையில் வளையலை ஏற்றிக்கொண்டே, "எனக்கு ரெண்டு நாள் வலி, செத்துப் பொழைச்சேன்" என்று தொடங்குவார்கள். பாசம்தான், ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அது விஷம். "சித்தி, குழந்தை பிறந்த பிறகு உங்க கதையை முழுசாக் கேக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடலாம். இரண்டாவது வழி, பிரசவ அறையை முன்னதாகவே போய்ப் பார்ப்பது. கட்டில் எங்கே, கழிப்பறை எங்கே, ராத்திரியில் எந்தக் கதவு திறந்திருக்கும் என்று தெரிந்த இடத்தில் பாதிப் பயம் போய்விடும்.

மூன்றாவது வழி, துணை. இந்த மூன்றில் இதற்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2017-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, 15,000-க்கும் அதிகமான பெண்களை வைத்து நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலி நேரம் முழுக்க ஒருவர் கூடவே இருந்த பெண்களுக்குச் சிசேரியன் குறைந்தது, வலி நேரம் சுருங்கியது, பிரசவத்தைப் பற்றிய மனக்கசப்பும் குறைந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லிருந்தே பிரசவத் துணைக்கு அனுமதி உண்டு, பெரும்பாலும் பெண் உறவினருக்கு. அம்மாவா, அக்காவா, மாமியாரா என்று உரிமை பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும் அம்மாவைவிட, நாலு பிரசவம் பார்த்த பெரியம்மா மேல். தனியார் மருத்துவமனையில் கணவரை அனுமதித்தால் அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர் தானும் பயப்படுவார், உங்களையும் பயமுறுத்துவார்.

இனி உடம்பு. மருத்துவர் ஓய்வு சொல்லாத பெண்ணுக்கு நடை போதும். வேகநடை தேவையில்லை, பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் சரியான வேகம். சோபாவை விட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்காருவது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவது, இரண்டு பாதங்களையும் சேர்த்து முழங்காலை விரிப்பது, இவையெல்லாம் தொடையையும் இடுப்பையும் இளக்கும். குத்துக்காலிடும்போது இடுப்பெலும்பின் கீழ்வாசல் கொஞ்சம் அகலும் என்பதால், பாட்டிகள் நிறைமாதத்திலும் குத்துக்காலிட்டுப் பெருக்கச் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. நஞ்சு கீழே இருப்பதாக ஸ்கேனில் வந்திருந்தால் மட்டும் இவற்றை மருத்துவரிடம் கேட்காமல் செய்யவேண்டாம். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்காதீர்கள். இடதோ வலதோ, ஒருக்களித்தால் போதும்.

தலைப்பிரசவம் என்றால், 35-ஆம் வாரத்திலிருந்து பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியைத் தேங்காய் எண்ணெய் போன்ற வாசனையில்லாத எண்ணெயால் வாரத்தில் ஓரிரு தடவை நீவிவிடலாம். சங்கடமாகத் தெரியும். ஆனால் தையல் போடவேண்டிய அவசியத்தை இது குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பனிக்குடம் உடைந்திருந்தாலோ, தொற்று இருந்தாலோ, நஞ்சு கீழே இருந்தாலோ செய்யக்கூடாது. வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிப்பதை விட்டுவிடுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, பிரசவத்துக்கு வேண்டிய தெம்பை அதிலேயே இழப்பீர்கள்.

மூச்சுப் பயிற்சி என்று பெரிதாகப் பேசுகிறார்கள். விஷயம் எளிது. வலி ஏறும்போது மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். விடும்போது தாடையைத் தளர்த்துங்கள், தோளைக் கீழே இறக்குங்கள். ஒரு வலி சுமார் ஒரு நிமிடம். அதில் உச்சம் இருபது, முப்பது நொடிக்கு மேல் நிற்காது. பத்துப் பன்னிரண்டு மூச்சுக்குள் அது இறங்கிவிடும். அடுத்தது வரும்வரை பெரும்பாலும் வலி இருக்காது. அந்த இடைவெளியில் "அடுத்தது எப்போ வருமோ" என்று நினைக்காமல் கண்ணை மூடிப் படுப்பது பெரிய பயிற்சி. கூட இருப்பவர் வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பாகத்தை முதுகின் அடியில், புட்டத்துக்குச் சற்று மேலே வைத்து அழுத்தவேண்டும். தடவினால் எரிச்சல்தான் வரும். அழுத்தினால் இதம். எங்கே, எவ்வளவு என்று எட்டாம் மாதமே பழகிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலி எடுத்ததும் ஓடவேண்டுமா? நிறைமாதத்தில் வந்து வந்து போகிற சூட்டு வலிக்கு நம் வீடுகளில் சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள். நல்ல பழக்கம்தான். பொய் வலி என்றால் தண்ணீர் குடித்து, ஒருக்களித்துப் படுத்தால் அடங்கும். நிஜ வலி அடங்காது, இடைவெளி குறைந்துகொண்டே வரும், வலு கூடிக்கொண்டே வரும். தலைப்பிரசவத்தில், வேறு சிக்கல் எதுவும் இல்லாமல் மருத்துவமனையும் பக்கத்தில் இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று ஒரு மணி நேரம் தொடர்ந்த பிறகு கிளம்பலாம். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தாங்கமுடியாத தலைவலியோ கண் மங்கலோ வந்தாலோ கணக்குப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சீக்கிரமே போய்ப் படுத்துவிட்டால் என்ன? உலக சுகாதார நிறுவனம் 2018-ல், பிரசவம் ஒரு பெண்ணுக்கு நல்ல அனுபவமாக அமையவேண்டும் என்று தனியாக வழிகாட்டி வெளியிட்டது. வலி வேகமெடுப்பது 5 சென்டிமீட்டரிலிருந்துதான், அதன் பிறகு தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம்வரை ஆவது சகஜம், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆகவேண்டும் என்று எல்லோரையும் அளக்கக்கூடாது என்கிறது அது. 2 சென்டிமீட்டரில் போய்ப் படுத்தவர் மறுநாள் காலையில் "வலி முன்னேறலை" என்ற பேச்சைக் கேட்க நேரும். நடப்பது, நிற்பது, துணையின் தோளில் தொங்குவது எல்லாம் படுத்துக்கிடப்பதைவிட மேல். நிமிர்ந்திருந்த பெண்களுக்கு, வாய் திறக்கும் முதல் கட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதனால் எட்டாம் மாதப் பரிசோதனையின்போது மருத்துவரிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. வலி நேரத்தில் எழுந்து நடக்கலாமா? துணை கடைசிவரை உள்ளே இருக்கலாமா? இளநீர், கஞ்சித் தண்ணீர் குடிக்கலாமா? கீழே வெட்டுவது எல்லோருக்குமா, தேவைப்படுபவருக்கு மட்டுமா? ஊசி போட்டு வலி வரவைப்பது எந்த நிலையில்? குழந்தையைப் பிறந்த உடனே நெஞ்சில் போடுவீர்களா? பணிவாகக் கேட்டால் கோபப்படும் மருத்துவர் குறைவு. கேள்வி கேட்டதற்கே எரிந்து விழுந்தால், வேறு இடம் பார்க்க உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இயற்கைப் பிரசவம் என்றால் மருத்துவரே வேண்டாம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். 2018-ல் திருப்பூரில் யூடியூப் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய், ரத்தப்போக்கில் ஒரு இளம் தாய் உயிரிழந்தார். குழந்தை வந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காவிட்டால் ரத்தம் குழாயைத் திறந்துவிட்டதுபோல் போகும். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்னால் சொல்லமுடியாது. குழந்தை பிறந்ததும் தொடையில் போடும் ஆக்ஸிடோசின் ஊசி அதற்காகத்தான். இயற்கை என்ற பெயரில் அந்த ஊசியை மறுக்காதீர்கள்.

அதேபோல, வலி தாங்கவில்லை என்று முதுகில் ஊசி கேட்டால் தோற்றுப்போனதாக அர்த்தமில்லை. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி ஆபரேஷன் என்று முடிவானாலும் நீங்கள் செய்த தயாரிப்பு வீண்போகாது. ஏறியிருந்த ஹீமோகுளோபின் அங்கும் உதவும், பழகிய மூச்சு அந்த மேஜையிலும் கைகொடுக்கும். "ஏன் ஆபரேஷன், எவ்வளவு நேரம் இருக்கு, குழந்தையை உடனே என்கிட்ட காட்டுவீங்களா" என்று மூன்று கேள்வி கேட்கும் தைரியமும் இருக்கும். மருத்துவக் காரணம் இல்லாமல், நட்சத்திரம் பார்த்து 39 வாரத்துக்கு முன்னால் நாள் குறிப்பது மட்டும் வேண்டாம். குழந்தையின் நுரையீரல் முதிர அந்தக் கடைசி வாரங்கள் தேவை.

பல வருடம் கழித்துப் பிரசவக் கதை சொல்லும் பெண்களைக் கவனியுங்கள். எத்தனை மணி நேரம் வலித்தது என்பதைவிட, யார் கையைப் பிடித்திருந்தார், யார் சிடுசிடுத்தார், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா இல்லையா என்பதைத்தான் விலாவாரியாகச் சொல்வார்கள். ஆகவே அடுத்த பரிசோதனைக்குத் தனியாகப் போகாதீர்கள். பிரசவ அறைக்குள் யார் வரப்போகிறாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கேள்விகளில் பாதியை அவரையே கேட்கச் சொல்லுங்கள்.