தோடு வாங்கப் போகுமுன்

பெண்ணுக்கு வைரத் தோடு போடுவதாகச் சம்பந்தி வீட்டாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். கடையில் போய் உட்கார்ந்ததும் காப்பி வருகிறது; பின்னாலேயே ஏழு கல் தோடு வருகிறது. "அசல் புளூ ஜாகர், அம்மா!" என்கிறார் கடைக்காரர். உடனே பணப் பையைத் திறந்துவிடாதீர்கள்!

அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே கிடைத்த சில கற்களில் லேசான நீலச் சாயல் உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் சில வைரங்கள் இப்படி நீலமாக ஒளிவிடும். கல்லின் மஞ்சள் அதில் மறைந்துபோகும். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிறோமே, அதே தந்திரந்தான்! சுரங்கத்தை 1971-ல் மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் நம் கடைகளில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

ஆகையால் பெயரை விட்டுச் சான்றிதழைக் கேளுங்கள். அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் வகுத்த முறைப்படி, சிறிதும் நிறமற்ற கல்லுக்கு 'டி' என்று பெயர். 'இஸட்' வரை போகப் போக மஞ்சள் ஏறும். ஏ, பி, சி எங்கே என்கிறீர்களா? அவற்றை வியாபாரிகள் ஏற்கனவே ஆளுக்கொரு விதமாக உபயோகித்துக் குழப்பியிருந்தார்கள்!

உள்ளே இருக்கும் குறைகளைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் பார்க்கிறார்கள். 'வி.வி.எஸ்.' கல்லுக்கும் 'வி.எஸ்.' கல்லுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது; சம்பந்தியம்மாளின் கண்ணுக்குக்கூடத்தான். அந்தப் பணத்தை நன்றாகப் பட்டை தீட்டிய கல்லுக்குக் கொடுங்கள். ஜொலிப்பு அதில்தான் இருக்கிறது.

ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம்; அதாவது 100 சென்ட். ஜோடிக்கு 14 கல். "மொத்தம் ஒரு காரட்" என்றால் கல்லுக்கு ஏழு சென்ட்தான்! இத்தகைய சிறு கற்களுக்கு நகை முழுவதற்கும் ஒரே சான்றிதழ் தருவதுண்டு. தங்கத்தில் பதித்த பிறகு நிறத்தையும் எடையையும் உத்தேசமாகவே சொல்ல முடியும். ஆகவே பதிக்குமுன் உதிரியாகவே பார்த்துவிடுங்கள். பெரிய கல்லானால் சான்றிதழ் எண்ணை அதன் விளிம்பில் லேசரால் பொறித்திருப்பதுண்டு. லென்ஸை வாங்கிப் படித்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம் இப்போது ஏராளமாக வருகிறது. அதுவும் வைரந்தான், விலை மட்டும் மிகக் குறைவு. வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் சாதாரணப் பேனாக் கருவி இரண்டையும் வைரம் என்றே காட்டும். 'இயற்கை' என்று சான்றிதழில் போட்டிருக்கிறதா, பாருங்கள்.

சான்றிதழில் விலை இராது. திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். காப்பியை அப்புறம் குடிக்கலாம்.