சாக்ஸபோனில் கீர்த்தனையும் சினிமா பாட்டும்... எது கஷ்டம், ஏன்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்யாணத்துக்கு சாக்ஸபோன் செட் வந்தால், முகூர்த்தத்துக்குக் கீர்த்தனை, ரிசப்ஷனுக்கு சினிமா பாட்டு. இரண்டும் வந்தால்தான் கலைஞருக்கு புரோகிராம்.

கஷ்டம் எதில்?

கீர்த்தனையில்தான். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கணும், அதுதான் கமகம். நாதஸ்வரத்தில் விரலே துளையைப் பாதி மூடும். பித்தளை சாக்ஸபோனில் துளையை மூடுவது சாவி. அதனால் உதடும் மூச்சும்தான் ஸ்வரத்தை வளைக்கணும்.

வழி காட்டியவர் யார்?

கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர், கருவியில் மாற்றங்கள் செய்து கமகத்தைக் கொண்டுவந்தார். 1994ல் லண்டன் பிபிசி ப்ராம்ஸில் கர்நாடகக் கச்சேரி. அதே ஆண்டு ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'டூயட்' படத்துக்கு வாசித்ததும் இவரே.

அடுத்த கல்யாணத்தில் கவனிங்க: ஸ்வரம் நேராக நிற்கிறதா, அசைகிறதா?